முழு நாள் பயிற்சியா, ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரமா? தமிழ் டீச்சர்ங்களுக்கு டெக்னாலஜி சொல்லிக்குடுக்குறது பத்தி

இங்க மொரீஷியஸ்ல, ஃப்ளாக் பக்கம் தமிழ் சொல்லிக்குடுக்குற தங்கச்சி ஒருத்தி போன வாரம் ஃபோன் பண்ணி, "அக்கா, எங்க ஏரியா தமிழ் டீச்சர்ங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் ட்ரெயினிங் வெக்கலாம்னு இருக்கேன், ஒரே நாள்ல முடிச்சிடலாமா, இல்ல ஸ்கூல் விட்டதும் கொஞ்சம் கொஞ்சமா வெக்கலாமா"ன்னு கேட்டா. நான் ரெண்டையும் நடத்தியிருக்கேன், நடுவுல ஜூம்லயும் நடத்தியிருக்கேன், அதனால பதில் நீளமா போயிடுச்சு. மத்தவங்களுக்கும் உதவட்டும்னு இங்க எழுதுறேன்.

முதல்ல நம்ம நிலைமைய சொல்லிடணும், வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு இது தெரியாது. மொரீஷியஸ் பிரைமரி ஸ்கூல்ல ஜெனரல் பர்ப்பஸ் டீச்சருக்கு, அதாவது பொதுப் பாடம் எடுக்குற வகுப்பு டீச்சருக்கு, சொந்தமா ஒரு கிளாஸ்ரூம் இருக்கும். தமிழ், ஹிந்தி, உருது, தெலுங்கு, மராத்தி சொல்லிக்குடுக்குறவங்களுக்கு பெரும்பாலும் அப்படி கிடையாது. மொழி பீரியட் வந்ததும் பிள்ளைங்க பிரிஞ்சு போவாங்க, நாம காலியா இருக்குற ரூமுக்கு புத்தகம் சார்ட் எல்லாம் தூக்கிக்கிட்டு போவோம், அங்க வீட்டுல கிரியோல் (ஃபிரெஞ்சுல இருந்து பிறந்த நம்ம தீவு மொழி) பேசுற பத்து பன்னெண்டு பிள்ளைங்க உக்காந்திருப்பாங்க. ஸ்கூலுக்கு டிஜிட்டல் போர்டு குடுத்த சாங்கோரே திட்டத்துல வந்த டச் போர்டும் சரி, கிரேட் 1-ல ஆரம்பிச்ச டேப்லெட்டும் சரி, ரூம் டீச்சர் கையில இருக்கும். அதனால "ஸ்மார்ட் போர்ட யூஸ் பண்ணுவது எப்படி"ன்னு தமிழ் டீச்சர்ங்களுக்கு நாள் முழுக்க கிளாஸ் எடுத்தா நல்லா கேட்டுப்பாங்க, ஆனா திங்கக்கிழமை அவங்க போற ரூம்ல அந்த போர்டே இருக்காது. ட்ரெயினிங் எந்த வடிவத்துல இருந்தாலும் இந்த ஒரு விஷயத்த மறந்தா வீண்தான்.

இப்ப முழு நாள் பயிற்சி. இதுல எனக்கு பிடிச்சது மனுஷங்க ஒண்ணா சேர்றதுதான். மாஹெபூர்ல இருந்து ஒருத்தர், குட்லான்ட்ஸ்ல இருந்து ஒருத்தர், வருஷம் பூரா அவங்கவங்க ஸ்கூல்ல ஒத்தையா தமிழ் சொல்லிக்குடுக்குறவங்க, அன்னிக்கு இருபது பேரா ஒரே லேப்ல உக்காந்திருக்குறதே ஒரு பலம். டீ பிரேக்குல கத்தோ பிமான் (நம்ம ஊர் பருப்பு வடை மாதிரி) சாப்பிட்டுக்கிட்டே ஒருத்தர் வொர்க்ஷீட்ட இன்னொருத்தர் வாங்கிக்குவாங்க, அது எந்த டைம்டேபிள்லயும் இருக்காது, ஆனா அங்கதான் நெறைய நடக்கும். அதோட தமிழ் டைப்பிங் மாதிரி கை பழகணும்னு இருக்குற விஷயத்துக்கு தொடர்ச்சியா ரெண்டு மணி நேரமாவது வேணும், அது முழு நாள்ல கிடைக்கும்.

குறை என்னன்னா, லேப் கம்ப்யூட்டர் நம்மளுது இல்ல. நான் முதல் தடவ வெச்சப்ப போயி உக்காந்த பிறகுதான் தெரிஞ்சுது, எதுலயும் தமிழ் கீபோர்டு சேக்கல, சேக்கவும் அட்மின் பாஸ்வேர்டு கேக்குது, பாஸ்வேர்டு தெரிஞ்சவர் அன்னிக்கு லீவு. அடுத்தது கூகுள் அக்கவுண்ட். இருபது பேர்ல பாதி பேருக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இல்ல, மாத்தலாம்னா வெரிஃபிகேஷன் கோட் வீட்டுக்காரர் ஃபோனுக்கு போகுது, மகன் ஃபோனுக்கு போகுது, அவங்கள கூப்பிட்டு நம்பர் கேட்டு வாங்குறதுக்குள்ள முக்கால் மணி நேரம் போச்சு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் யாருக்கும் கண்ணு நிக்கல, அந்த நேரத்துல நான் புதுசா மூணு ஆப் காட்டினேன், காட்டியிருக்கவே கூடாது. ரெண்டு வாரம் கழிச்சு விசாரிச்சா அந்த மூணுல ஒண்ணையும் யாரும் திறந்துகூட பாக்கல. நல்ல டீச்சர்ங்கதான், அக்கறை இல்லாதவங்க இல்ல, ஆனா வீட்டுக்கு போனதும் ஒரு இடத்துல சிக்கிச்சுன்னா கேக்க பக்கத்துல ஆள் இல்ல. டீச்சர் பயிற்சி பத்தி ஜாய்ஸ், ஷவர்ஸ்னு ரெண்டு கல்வி ஆராய்ச்சியாளர்ங்க 1980-கள்லயே எழுதினது இததான், விளக்கி காட்டி பழக்கிவிட்டா மட்டும் போதாது, கிளாஸ்ல செஞ்சு பாக்கும்போது கூட இருந்து கைகுடுக்குற ஆள் வேணும்னு. எனக்கு அது அந்த ரெண்டாவது வாரம்தான் உறைச்சுது.

ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரம்ங்கிறது வேற மாதிரி. பக்கத்து பக்கத்து ஸ்கூல்ல இருந்து அஞ்சாறு பேர், வாரத்துல ஒரு நாள், நாலு வாரம். ஒரு மணி நேரம்னு சொன்னாலும் கையில கிடைக்கிறது நாப்பது நிமிஷம்தான், பஸ் பிடிக்கணும், ப்ரைவேட் ட்யூஷன் இருக்கும், பிள்ளைய கூப்பிடப் போகணும், எல்லாரும் களைச்சுப் போயி வருவாங்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும். அந்த கட்டாயமே நல்லதுன்னு நான் நெனக்கிறேன். முதல் வாரம் ஃபோன்ல குரல் ரெக்கார்ட் பண்ணி ஒரு ஸ்லைடுல ஒட்டுறது மட்டும். கத்ர் போர்ன்ல ஒரு அம்மா, ரிடையர் ஆக ரெண்டு வருஷம்தான் பாக்கி, பல்லி பள்ளி, வாளை வாழைன்னு ஜோடி ஜோடியா தன் குரல்ல பதிவு பண்ணி, படத்த தொட்டா சத்தம் வர்ற மாதிரி செஞ்சாங்க. அடுத்த வாரம் வந்து சொன்னாங்க, பிள்ளைங்க அத மறுபடி மறுபடி தொட்டு தொட்டு கேட்டாங்க, ஆனா ஸ்பீக்கர் சத்தம் பத்தல, ளவும் ழவும் ஒரே மாதிரி கேக்குதுன்னு. அடுத்த செஷன்ல வேற எதையும் தொடாம சின்ன புளூடூத் ஸ்பீக்கர் இணைக்கிறத சொல்லிக்குடுத்தோம். முழு நாள் பயிற்சியில இந்த மாதிரி திரும்பி வந்து கேக்குற வாரமே இல்ல.

ஜூம் பத்தி சுருக்கமா சொல்றேன். ஃப்ரீ கணக்குன்னா குரூப் மீட்டிங் 40 நிமிஷத்துல கட் ஆயிடும், கூகுள் மீட் 60 நிமிஷம் வரை விடும். பெரிய பிரச்சினை அதுவும் இல்ல. கத்துக்கிறவங்க ஸ்கிரீன அவங்களே ஷேர் பண்ணாம நாம பாக்க முடியாது, அவங்க ஃபோன்லயே ஜூமையும் பாத்து அதே ஃபோன்லயே வேலையும் செய்யணும், "எங்க இருக்கு அந்த பட்டன்"னு பத்து தடவ கேட்டு வெக்கப்பட்டு சும்மா இருந்துடுவாங்க. புதுசா சொல்லிக்குடுக்க நான் இனிமே ஜூம் வெக்க மாட்டேன். ஆனா ஏற்கனவே நேர்ல கத்துக்கிட்டவங்களுக்கு சந்தேகம் தீக்க ராத்திரி அரை மணி நேரம் வெக்கிறதுக்கு இது அருமை, சைக்ளோன் வார்னிங்ல ஸ்கூல் மூடியிருந்தா கரண்டும் நெட்டும் இருக்குற வரைக்கும் இதுதான் கை குடுக்கும்.

அடுத்தது கீபோர்டு, இதுலதான் நெறைய வாக்குவாதம் வரும். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ் வர்ற ஃபொனெடிக்கா, தமிழ்99-ஆ? ஊர்ல எல்லாரும் ஃபொனெடிக் ஈஸின்னு சொல்லுவாங்க. நம்ம தீவுல அது அவ்வளவு ஈஸி இல்ல, ஏன்னா நமக்கு இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதுற பழக்கம் ஃபிரெஞ்சு வழியா வந்தது. முத்துங்கிற பேர நாம எம், ஓ, யூ, டி, ஓ, யூன்னு எழுதுற ஆளுங்க. ஃபொனெடிக்ல அப்படியே அடிச்சா மொஉடொஉன்னு ஏதோ வந்து நிக்கும், த வேணும்னா டி-யோட ஹெச் சேக்கணும், உவுக்கு யூ மட்டும் போதும்னு பழக்கத்தையே மாத்திக்கணும். கூகுள் மாதிரி யூகிச்சு குடுக்குறதுல இன்னொரு சிக்கல், நாலு வார்த்தைய காட்டி எது வேணும்னு கேக்கும், அதுல ண போட்டது சரியா ன போட்டது சரியான்னு ஏற்கனவே தெரிஞ்சவங்களுக்குத்தான் அது உதவி.

தமிழ்99 சென்னையில 1999-ல நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு அறிவிச்ச லேஅவுட். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில அ இ உ எ, அதுக்கு நேர் மேல ஆ ஈ ஊ ஏ, அதாவது குறிலும் நெடிலும் கீழ மேல ஜோடியா இருக்கும், கீபோர்டே ஒரு பாடம் மாதிரி. அ, ம, ம, ஆ அடிச்சா அம்மா, புள்ளிய அதுவே வெச்சுக்கும். ப, ந, த, உ அடிச்சா பந்து. இத போர்டுல காட்டினப்ப ஒரு சர் எழுந்து நின்னு "இதத்தானே நாம பிள்ளைங்களுக்கு மெய்யும் உயிரும் சேந்தா உயிர்மெய்னு சொல்லிக்குடுக்குறோம்"னார், எனக்கு சந்தோஷம் தாங்கல. முதல் ரெண்டு நாள் தேடித் தேடி அடிக்கணும், அது உண்மை. அப்பப்ப வாட்ஸப்ல ரெண்டு வரி அடிக்கிறவங்க ஃபொனெடிக்லயே இருக்கட்டும், கேள்வித்தாள் வொர்க்ஷீட் அடிக்கிறவங்க தமிழ்99 கத்துக்கணும்ங்கிறது என் முடிவு. ஃபோன்ல செல்லினம்ங்கிற கீபோர்டு ஆப் போட்டா ரெண்டு விதமும் இருக்கு, ஐஃபோன்ல எதுவும் போடவே வேணாம், உள்ளயே இருக்கு.

இதோட சேத்து பழைய ஃபாண்ட் விவகாரமும் முடிச்சிடணும். பல பேர் பென் டிரைவ்ல பத்து வருஷ வொர்க்ஷீட் பாமினிங்கிற பழைய ஃபாண்ட்ல இருக்கும், அந்த ஃபாண்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் ஆங்கில எழுத்து கிறுக்கலா தெரியும். பாவம், உழைப்பு போச்சுன்னு நெனச்சு கவலப்படுவாங்க. போகல, கன்வர்ட்டர்ல போட்டா எல்லா மெஷின்லயும் தெரியுற யூனிகோடா திரும்பி வந்துடும். ஒரே ஒரு ஃபைல அவங்க கையாலயே மாத்த வெச்சா அவங்க முகத்துல வர்ற வெளிச்சம் இருக்கே, புது ஆப் எதுவும் அத தராது.

கிளாஸ்ல கேள்வி கேக்குறதுக்கு க்விஸ் ஆப்ல கஹூட்டா ப்ளிக்கர்ஸான்னு கேட்டா, நம்ம பிரைமரி ஸ்கூலுக்கு ப்ளிக்கர்ஸ்தான். கஹூட்டுக்கு பிள்ளைங்க கையிலயோ டீமுக்கு ஒண்ணோ மெஷின் வேணும், மியூசிக்கும் ஓட்டமும் நல்லா இருக்கும், ஆனா வேகமா படிக்கிற பிள்ளை ஜெயிக்கும், தமிழ இப்பத்தான் எழுத்துக்கூட்டி படிக்கிற பிள்ளை தோத்துப்போயி ஓரமா உக்காரும். ப்ளிக்கர்ஸ்ல பிள்ளைங்களுக்கு ஒரு பேப்பர் கார்டு போதும், ஏ பி சி டி எது மேல வர்ற மாதிரி பிடிக்கிறாங்களோ அது பதில், டீச்சர் ஒரு ஃபோன வெச்சு எல்லா கார்டையும் ஸ்கேன் பண்ணிடலாம். கேள்விய கரும்பலகையில எழுதிக்கலாம், ப்ரொஜெக்டரே வேணாம். ரூம் ரூமா அலையுற நமக்கு இத விட பொருத்தமா எதையும் நான் பாக்கல.

செஷன எந்த மொழியில நடத்துறது? எனக்கு முழுக்க தமிழ்ல நடத்தணும்னு ஆசை, முதல்ல அப்படித்தான் செஞ்சேன், தமிழ் டீச்சர்ங்க கூடுற இடத்துல தமிழ் கேக்கலன்னா வேற எங்க கேக்கும்னு. ஆனா மெனு எல்லாம் இங்கிலீஷ்ல ஃபிரெஞ்சுல இருக்கு, இளசுங்க சந்தேகத்த தமிழ்ல எப்படி கேக்குறதுன்னு தயங்கி வாய மூடிக்கிட்டாங்க, பிரேக்குல தனியா வந்துதான் "மோ பா கொம்ப்ரான், மிஸ்"னு (எனக்கு புரியல, மிஸ்னு) கிரியோல்ல சொன்னாங்க. இப்ப எங்க க்ளிக் பண்ணணும்ங்கிறத கிரியோல்ல சொல்றேன், செய்யுற பாடம், அதப் பத்தின பேச்சு எல்லாம் தமிழ்ல. கேள்வி ரெண்டு மடங்கு வருது.

நடத்துறவங்க எத்தன பேர்? கண்டிப்பா ரெண்டு பேர். ஒருத்தர் முன்னாடி நின்னு காட்டணும், இன்னொருத்தர் பின்னாடி நடந்துக்கிட்டே இருக்கணும். நடக்குறவருக்கு ஒரே சட்டம், அடுத்தவங்க மவுஸ தொடக்கூடாது, வாயால மட்டும் சொல்லணும். பையில நான் எப்பவும் வெச்சிருக்குறது எக்ஸ்டென்ஷன் வயர், ரெண்டு முள்ளு மூணு முள்ளு ரெண்டுக்கும் அடாப்டர் (நம்ம ஊர்ல ஃபிரெஞ்சு பிளக்கும் பிரிட்டிஷ் பிளக்கும் கலந்துதான் இருக்கு), எச்டிஎம்ஐ வயர், பழைய ப்ரொஜெக்டருக்கு விஜிஏ கன்வர்ட்டர், தேவையான ஃபைல் எல்லாம் ஏத்தின பென் டிரைவ். இருபது பேர் ஒரே நேரத்துல ஒரே ஆப்ப டவுன்லோட் பண்ணா எந்த வைஃபையும் தாங்காது.

அதனால தங்கச்சிக்கு நான் சொன்ன திட்டம் இது: ரெண்டையும் சேத்து வை. ஒரு சனிக்கிழமை காலையில மட்டும், ஒன்பதுல இருந்து பன்னெண்டரை வரை, எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்போட, இல்லாதவங்க ஃபோனோட. கீபோர்டு, பாமினி மாத்துறது, இவ்வளவுதான், வேற ஒண்ணும் வேணாம். அப்புறம் மூணு வாரம் ஸ்கூல் விட்டதும், ஏரியா வாரியா ஆறு பேருக்கு மேல இல்லாம. வர்றதுக்கு முன்னாடியே வாட்ஸப்ல ரெண்டு விஷயம் கேளு, பாஸ்வேர்டு போட்டு ஒரு தடவ உள்ள போயி பாத்தாச்சா, அடுத்த வாரம் எந்த பாடம் எடுக்கப்போறீங்க. அந்த பாடத்தத்தான் அவங்க அங்க செய்யணும், நாம தயாரிச்ச மாடல் பாடம் வேணாம். ஜனவரியில வெக்காத, ஸ்கூல் திறக்குற அலைச்சல், தைப்பூசக் காவடி விரதம் எல்லாம் கூடி வரும். மூணாவது டெர்ம்ல கிரேட் 6 பரீட்சை. ரெண்டாவது டெர்ம் நடுவுல வை. நான் பின்னாடி நடக்குற ஆளா வர்றேன்னு சொல்லியிருக்கேன், ஃப்ளாக்குல இடம் முடிவாயிட்டா வயரும் அடாப்டரும் நானே எடுத்துட்டு வந்துடுவேன்.