நீல விளக்கு சிமிட்டும்போதே கார்டை உருவினார்கள்: ஏஎம்சி போட்டிருப்பவர்கள் உஷார்

கோவையில் சின்ன அளவில் தொலைபேசி சேவை நடத்தும் ஒரு நிறுவனத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். எங்கள் தொலைபேசி அழைப்புகள் (கால்கள்) அத்தனையும் 14 ஸ்லாட் கொண்ட ஒரு ஏடிசிஏ ஷெல்ஃப் வழியாகத்தான் ஓடுகின்றன; கம்ப்யூட்டர் கார்டுகளை வரிசையாகச் செருகும் தொலைத்தொடர்புப் பெட்டி அது. அதில் ஒரு கார்டு அடிக்கடி மெமரி பிழை காட்டியது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) போட்டிருக்கும் கம்பெனிக்குச் சொன்னோம். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், விடுங்கள்.

ஞாயிறு இரவு 2 மணிக்கு ஒரு பையன் வந்தான். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் கார்டைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் கட்டும் ஈஎஸ்டி பட்டை இல்லை. ஷெல்ஃபின் முகப்பிலேயே அதை மாட்ட ஒரு துளை இருக்கிறது, காட்டினேன். "பரவால்லீங்க சார்" என்றான். அங்கேயே நான் அவனைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கார்டின் கைப்பிடியைத் திறந்தான். உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் விடுபட்டு நீல விளக்கு குறுகக் குறுகச் சிமிட்ட ஆரம்பித்தது. "என்னை எடுக்கப் போகிறார்கள், வேலையை ஒதுக்கிக்கொள்கிறேன்" என்று கார்டு, எல்லாக் கார்டுகளையும் கண்காணிக்கும் ஷெல்ஃப் மேனேஜரிடம் சொல்லும் நேரம் அது. கால்களை ஜோடிக் கார்டுக்குத் தள்ளி, டிஸ்க்கில் பாதி எழுதியதை முடித்து, கார்டின் வேலைக்கான மின்சாரம் அணைந்த பிறகுதான் விளக்கு அசையாமல் நீலமாக நிற்கும். எங்கள் கார்டுக்கு இதற்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். "இருப்பா, விளக்கு நிலையா எரியட்டும்" என்று சொல்லி நான் வாய் மூடவில்லை, கார்டு அவன் மடியில் இருந்தது. "ஹாட் ஸ்வாப்தானே சார், ஓடும்போதே எடுக்கலாம்" என்கிறான்.

ஓடும்போதே எடுக்கலாம் என்பது ஷெல்ஃபுக்குத்தான். பின்புற கனெக்டரில் பின்கள் ஒரே நீளமில்லை. செருகும்போது எர்த் முதலில் தொடும், கார்டை இயக்கச் சொல்லும் குட்டைப் பின் கடைசியில் தொடும், எடுக்கும்போது அதுவே முதலில் விடும். அதனால் பக்கத்துக் கார்டுகள் அசையாது. ஆனால் எடுத்த கார்டின் மெமரியில் இருந்த கால்களை எந்தப் பின் காப்பாற்றும்? இருநூற்றுச் சொச்சம் கால்கள் அறுந்தன, பில்லிங் கோப்பு பாதியில் நின்றது. அதை ஒட்டவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

புதுக் கார்டைச் செருகினான். விளக்கு நீளமாகச் சிமிட்டி அணைந்தது, அதுவரை சரி. ஆனால் கால் ஒன்றும் வரவில்லை. இரண்டு முனையும் ஒரே வகை இணைப்பு பேசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஷெல்ஃப் மேனேஜர், கார்டுகள் தங்களுக்குள் டேட்டா அனுப்பும் ஃபேப்ரிக் போர்ட்டைத் திறக்கும். எங்களுடையது 10 கிகாபிட், அவன் கொண்டுவந்தது 1 கிகாபிட் ரகம். "உங்க ஷெல்ஃப்லதான் சார் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு, அந்தக் கார்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருவதாகப் போய்விட்டான்.

அடைப்புத் தகடு கூடப் போடாமல் போனான். ஸ்லாட் திறந்து கிடந்தால் காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியே ஓடிவிடும், பக்கத்துக் கார்டுகளுக்குப் போதாது. விடியற்காலை நாலு மணிக்கு வெப்ப அலாரம் அடித்தது, ஃபேன்கள் விமானம் கிளம்புகிற மாதிரி அலறின. அட்டையை வெட்டி டேப் போட்டு ஒட்டினேன்.

இரண்டாம் நாள் சரியான ரகம் கொண்டுவந்தார்கள், பில்லில் "புதியது" என்று போட்டிருந்தது. சந்தேகப்பட்டு ஷெல்ஃப் மேனேஜர் வழியாக அதன் எஃப்ஆர்யூ விவரத்தை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாள விவரத்தைப் படித்தேன். தயாரிப்புத் தேதி அதற்குள் 1996 ஜனவரி 1 முதல் கடந்த நிமிடக் கணக்காகப் பதிந்திருக்கும், ஸ்டிக்கரைச் சுரண்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. கணக்குப் போட்டால் 2011. சீரியல் எண்ணும் பில்லோடு ஒத்துப்போகவில்லை. கார்டு வாங்கினால் பணம் கொடுக்கும் முன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

கால்கள் அறுந்ததற்குக் காரணம் எங்கள் சாஃப்ட்வேர்தான், ஆள் விளக்கு நிற்கும்வரை காத்திருந்தார் என்று கம்பெனி கடிதம் எழுதியது. ஷெல்ஃப் மேனேஜரின் லாக் வேறு கதை சொல்கிறது. முறையாக எடுத்திருந்தால் கார்டின் நிலை எம்-6இலிருந்து (வேலையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறது) எம்-1க்கு (அணைந்துவிட்டது, எடுக்கலாம்) போயிருக்கும். இங்கே எம்-6க்கு அடுத்த வரியே எம்-7, அதாவது தொடர்பு அறுந்தது. நடுவில் நாலே நொடி.

போன வாரம் இரண்டாவது விசிட்டுக்கும் தனியாக பில் வந்தது. லாகின் அந்த இரண்டு வரிகளை மஞ்சள் மார்க்கரால் அடித்து, பில்லோடு பின் செய்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.