பிரேக் பிடிக்காமலே தேயும் பின் பேட்: ஏடிவி வண்டியோடு பல ஆண்டு அனுபவம்

பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். காரிலும் மோட்டார் சைக்கிளிலும் பெரும்பாலும் முன் பேட்டுகளே (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்னும் தட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்) முதலில் தீரும். காட்டுத் தடங்களில் ஓடும் நான்கு சக்கர ஏடிவி வண்டியில் இதற்கு நேர்மாறாக நடந்தால், முன் பேட்டுகள் பாதிகூடத் தேயாதபோது பின் பேட்டுகள் இரும்புத் தகடு வரை போய்விட்டால், புது பேட் வாங்குமுன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். இவை பிரேக் பிடித்ததால் தேய்ந்தனவா, பிடிக்காத நேரத்தில் தேய்ந்தனவா? என் வண்டியில் விடை இரண்டாவதாக இருந்தது. நண்பர்களின் வண்டிகளைக் கழற்றிப் பார்த்தபோதும் பெரும்பாலும் அதுவே.

நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பீட்டர்பரோவுக்கு அருகே. வண்டி 500 சிசி வகுப்பு. பெல்ட்டால் இயங்கும் தானியங்கி கியர் (சிவிடி), தேவைப்பட்டால் நான்கு சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி டிஸ்க். பின்பக்கம், பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் என்னும் கவ்வி ஒரே பிஸ்டன் உள்ளது; ‘ஸ்லைடு பின்’ எனப்படும் இரண்டு வழுக்குக் கம்பிகளின் மேல் நகர்வது. கோடையில் கனராஸ்கா காட்டுத் தடங்கள், இலையுதிர் காலத்தில் ஹாலிபர்ட்டன் பக்கம், இடையில் விறகு இழுப்பது, பனிக்காலத்தில் முன்னால் தகடு மாட்டிப் பனி தள்ளுவது என்று ஆண்டு முழுவதும் அதற்கு வேலை உண்டு. தொடக்கத்தில் பின் பேட்டுகள் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை.

எல்லோரும் முதலில் மணலைத்தான் குறை சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. கனராஸ்கா காடு ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்னும் பனியாற்றுப் படிவு மேட்டின் மேல் நிற்கிறது. மரங்களை வெட்டியபின் மண் காற்றில் பறந்து தரிசாகிப்போன நிலத்தில் 1940களிலிருந்து மரம் நட்டு வளர்த்த காடு அது. இன்று ஏறத்தாழ 11,000 ஏக்கர். ஊசியிலைச் சருகுக்குக் கீழே கொஞ்சம் கிளறினாலே மணல்தான். அந்த மணலின் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் 7. டிஸ்க்கின் எஃகைவிடக் கடினமானது, பேட்டைப் பிணைக்கும் பிசினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்சக்கரம் வாரி எறியும் சேறும் மணலும் நேராகப் பின் கேலிப்பரில் போய் விழுகின்றன. சக்கரத்தின் உட்புறத்துக்கும் கேலிப்பருக்கும் இடையே இடைவெளி விரல் அளவுதான் என்பதால் அங்கே களிமண் அப்பிக்கொள்கிறது. மணலும் தண்ணீரும் கலந்த அந்தக் குழம்பு பேட்டையும் டிஸ்க்கையும் சாணை பிடிப்பது போல அரைத்துவிடும். பின் பேட் முன் பேட்டை முந்துவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

ஆனால் முழுக் காரணம் அதுவல்ல என்று எனக்குக் காட்டியது ஒரு பழைய ரயில் பாதை. கின்மவுண்டிலிருந்து ஹாலிபர்ட்டன் வரை, தண்டவாளம் எடுக்கப்பட்ட தடத்தில் இப்போது ஏடிவிகள் ஓடுகின்றன. நீளம் சுமார் 36 கிலோமீட்டர். ரயிலுக்காகப் போட்ட பாதை ஆதலால் செங்குத்தான ஏற்றமோ இறக்கமோ கிடையாது. சேற்றுக் குழியும் இல்லை. சாலையைக் கடக்கும் இடங்களைத் தவிர பிரேக்கைத் தொடும் தேவையே வராது. அந்தப் பாதையில் ஓட்டிவிட்டு இறங்கியபோதும் வலது பின் டிஸ்க்கிலிருந்து அனல் வீசியது; இடதுபக்கம் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. பிரேக் பிடிக்காத பயணத்தில் ஒரு டிஸ்க் மட்டும் சூடாகிறது என்றால் அந்தப் பேட் வழியெல்லாம் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அதன்பின் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வண்டிப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டேன். பிரேக் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டி, தானாக உருண்டு நிற்க விட்டு, நான்கு டிஸ்க்குகளின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். இதைவிட எளிய சோதனையை நான் பார்க்கவில்லை. டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

தேய்ந்த பேட்டைத் தூக்கி எறிவதற்கு முன் அதை ஒரு நிமிடம் பாருங்கள். பிஸ்டன் பக்கம் இருந்த உள் பேட் மிக மெலிந்து, வெளிப் பேட் தடிமனாகவே இருந்தால், கேலிப்பர் தன் பின்களின் மேல் நகரவில்லை. ஒரே பேட் எல்லா வேலையும் செய்திருக்கிறது. வெளிப் பேட் அதிகமாகத் தேய்ந்திருந்தால், நகர்ந்து வந்த கேலிப்பர் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டது என்று பொருள். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கலாம், அல்லது கேலிப்பரைத் தாங்கும் சட்டம் வளைந்திருக்கலாம். இரண்டு பக்கத்திலும் எல்லாப் பேட்டுகளும் ஒரே சீராக, ஆனால் வேகமாகத் தேய்ந்திருந்தால்தான் மணல், ஓட்டும் பழக்கம், பேட்டின் தரம், மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பகுதி) ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்தது தூக்கிப் பார்ப்பது. பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, இரு சக்கர இயக்கத்திலும் நியூட்ரலிலும் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான ஏடிவிகளில் பின் அச்சில் டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று கையில் தெரியாது. ஒரு பக்கக் கேலிப்பரைக் கழற்றி, பேட்டுகளுக்கு நடுவே மரத்துண்டு செருகி, பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் பாரம் விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டுச் சுற்றினால் தெரிந்துவிடும்.

பிடிக்கிறது என்று தெரிந்ததும் பிரேக்கை நன்றாக அழுத்தி விடுங்கள். சக்கரம் இறுக்கமாக இருக்கும்போதே கேலிப்பரில் காற்று எடுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். கொஞ்சம் பிரேக் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், குழாய்க்குள் அழுத்தம் சிக்கியிருக்கிறது. கோளாறு ஹோஸிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. திருகைத் திறந்தும் சக்கரம் விடுபடாவிட்டால் கோளாறு கேலிப்பரிலேயே இருக்கிறது. புது பேட் வாங்கும் செலவை இந்தச் சிறிய சோதனை பலருக்கு மிச்சப்படுத்தியிருக்கும்.

என் வண்டியில் திருகைத் திறந்தும் மாற்றமில்லை. கழற்றினால், ஸ்லைடு பின் இரண்டும் உப்பிப்போன ரப்பர் உறைக்குள் இறுகியிருந்தன. முந்தைய சர்வீசில் பட்டறைக்காரர்கள் சாதாரண வண்டி கிரீஸைத் தடவியிருந்தார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிவிடும். உப்பிய உறை பின்னை நகர விடாது. இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் ஒரு சிறு குழாய் பல ஆண்டுகளுக்கு வரும். அதைப் பயன்படுத்தாமல் வாடிக்கையாளரின் பிரேக்கைக் கெடுப்பது பொறுப்பற்ற செயல்.

இரண்டாவது குறை, பேட்டின் காதுகள் (இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள்) உட்காரும் இடத்தில் இருந்தது. பனிக்காலத்தில் இங்கே சாலைகளுக்கு உப்பு போடுகிறார்கள். அந்த உப்பு நீர் மெல்லிய தகடு கிளிப்புகளுக்கு அடியில் புகுந்து, சட்டத்தின் இரும்பில் துரு பொங்க வைக்கிறது. துரு கிளிப்பை மேலே தள்ளுகிறது; பேட் நகர வேண்டிய இடம் குறுகிப் பேட் சிக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளிப்பைக் கழற்றி, கம்பித் தூரிகையாலும் அரத்தாலும் துருவைச் சுரண்டி எடுத்து, புதுக் கிளிப் போட்டேன். பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியல் கேட்கும் பேட்டை அப்படியே மாட்டக் கூடாது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போதும் அவசரம் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் மணலும் துருவும் ஒட்டியிருக்கும். முதலில் பல் துலக்கும் பிரஷில் புது பிரேக் ஆயில் தொட்டு முழுவதும் துடைத்த பிறகே தள்ள வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையம்தான், பிரேக்கை விட்டதும் அதை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு பின்னால் இழுக்கிறது. மணல் புகுந்தால் அந்த இழுவை போய்விடும். பேட் டிஸ்க்கைத் தொட்டபடியே நிற்கும்.

கால் பெடல் உள்ள வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே சிறிது தளர்வு இருந்தாக வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்தால்தான் ஆயில் தொட்டிக்குப் போகும் நுண் துளை திறக்கும். பெடல் கூர்மையாகப் பிடிக்கட்டும் என்று தளர்வே இல்லாமல் இறுக்கிவிட்டால் அந்தத் துளை மூடியே இருக்கும். ஓட்டத்தில் சூடாகி விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் பேட்டைத் தள்ளும். பேட் உரசி மேலும் சூடாகும். ஆயில் மேலும் விரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது நன்றாக இருக்கும் வண்டி அரை மணி நேரத்தில் கனமாக இழுக்கத் தொடங்கினால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். நிறுத்து பிரேக் (பார்க்கிங் பிரேக்) கேபிள் பின் கேலிப்பரோடு இணைந்த வண்டிகளில் அந்தக் கேபிள் இறுகியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

பின்களையும் கிளிப்புகளையும் சரிசெய்தபின் வலது, இடது சூடு ஏறத்தாழ ஒன்றானது. பேட் தேய்வது பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சம் இருந்த தேய்மானத்துக்குத்தான் மணல் பொறுப்பு. அதற்கு, நார்களைப் பிசினால் பிணைத்த ஆர்கானிக் பேட்டை விட்டு, உலோகத் தூளை அழுத்திச் சுட்ட சின்டர்டு பேட்டுக்கு மாறினேன். சேற்றில் ஆர்கானிக் பேட் கரைகிறது என்றே சொல்லலாம். சின்டர்டு தெளிவாகவே நீண்டு உழைக்கிறது, நனைந்தாலும் பிடிக்கிறது. குளிர்ந்த காலையில் முதல் சில பிடிப்புகளில் சத்தம் வரும், டிஸ்க்கும் சற்று வேகமாகத் தேயும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். பேட் மாற்றும்போதெல்லாம் மைக்ரோமீட்டரால் அளந்துவிடுகிறேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. பேரிங் ஆடினால் டிஸ்க்கும் ஆடிப் பேட்டைத் தட்டும்.

ஓட்டும் முறையில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பலன் தந்தன. இறக்கத்தில் லோ கியர் போட்டு எஞ்சின் பிடிப்பில் இறங்குவது ஒன்று. விறகு வண்டியை இழுக்கும்போது இது கட்டாயம். நான்கு சக்கர இயக்கத்தைத் தேவையில்லாத இடத்தில் அணைத்துவிடுவது இன்னொன்று. அது இணைந்திருக்கும்போது சக்கரங்கள் எல்லாம் தண்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். கால் பெடலை மட்டும் மிதித்தாலும் பின் பேட் முன்சக்கரங்களையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கும்.

கழுவுவதில் அழுத்த நீர்ப் பீய்ச்சியைக் கேலிப்பர் பக்கம் கொண்டுபோவதில்லை. அது மணலை உறைகளுக்குள் ஏற்றிவிடும். தோட்டக் குழாயால் ஊற விட்டுக் கழுவுகிறேன். பனிக்கால இரவுகளில் நனைந்த வண்டியை நிறுத்து பிரேக் போட்டு விடுவதும் இல்லை. பேட் டிஸ்க்கோடு உறைந்து ஒட்டிக்கொண்டால் காலையில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்கிறேன்.

இனி புது வண்டி வாங்குவோருக்கு ஒன்று. உங்கள் ஓட்டம் பெரும்பாலும் சதுப்பிலும் சேற்றிலும் என்றால், பின்பக்கம் மூடிய அறைக்குள் எண்ணெயில் இயங்கும் பல தட்டு பிரேக் உள்ள வண்டிகளைப் பாருங்கள். கவாசாகி புரூட் ஃபோர்ஸ் 750, சுசுகி கிங்குவாட் 750 போன்றவை அந்த வகை. மணல் உள்ளே போக வழியே இல்லை. என்றாவது ஒருநாள் தட்டுகள் தேய்ந்தால் பிரித்து மாற்றுவது பெரிய வேலை. ஆனாலும் களிமண் பிரதேசத்தில் அந்தப் பேரம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

என் வண்டியில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் வலது டிஸ்க் இடதைவிடச் சற்றே சூடாக இருப்பது அண்மையில் மீண்டும் தெரிகிறது. பின்கள் வழுக்கலாகவே நகர்கின்றன. இம்முறை காற்றுத் திருகைத் திறந்ததும் சக்கரம் விடுபடுகிறது. எனவே சந்தேகம் ஹோஸின் மேல். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பினால் ஆயில் போகும், ஆனால் உடனே திரும்பி வராது. இரு பக்கத்துக்கும் எஃகுப் பின்னல் ஹோஸ் வாங்கிவிட்டேன். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் கொதிநிலை கொண்ட டாட் 4 என்னும் தரவகை ஆயிலுக்கு, ஈரம் ஏறியபின் தரவிதி கேட்கும் குறைந்தபட்சம் 155 பாகைதான். ஆகவே ஹோஸ் மாற்றும்போதே பழைய ஆயிலையும் முழுவதும் வெளியேற்றிவிடப் போகிறேன்.