ஹெலிகாப்டர் புத்தகம் வாங்கும் முன் பின்னட்டையைப் பாருங்கள்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம், வரைவது என் வேலை. சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். 2021 டிசம்பர் 8 அன்று அங்கிருந்து நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. அப்புறம்தான் இது சம்பந்தமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள் எழுதியதில் மேகமும் பள்ளத்தாக்கும் இருந்தன, மற்றவர்கள் எழுதியதில் பெரும்பாலும் சதிதான் இருந்தது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்குத் திசை உணர்வு தடுமாறியதே காரணம், நாசவேலையோ எந்திரக் கோளாறோ இல்லை என்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழு சொன்னது. அன்றிலிருந்து, எழுதியவர் என்ன வேலை பார்த்தவர் என்று பார்க்காமல் எதையும் நான் வாங்குவதில்லை.

அப்படித் தேடி வாங்கியதுதான் ரே பிரௌட்டியின் 'ஹெலிகாப்டர் ஏரோடைனமிக்ஸ்'. அமெரிக்காவின் 'ரோட்டர் அண்ட் விங்' பத்திரிகையில் அவர் தொடராக எழுதிய பத்திகளின் தொகுப்பு. மனிதர் பைலட் இல்லை, பத்திரிகைக்காரரும் இல்லை. ஹ்யூஸ், சிகோர்ஸ்கி, பெல், லாக்ஹீட் என்று ஹெலிகாப்டர் கட்டும் இடங்களிலேயே வாழ்நாளைக் கழித்த இன்ஜினியர். ஹ்யூஸ் கட்டிய அப்பாச்சி போர் ஹெலிகாப்டரின் முதல் மாதிரிகளில் வாலின் உச்சியில் இருந்த கிடைமட்டத் தகட்டைப் பிறகு கீழே இறக்கி, சாய்வு மாறும் தகடாக ஆக்கினார்கள். அந்த வால் பட்ட பாட்டைப் பற்றித் தனியாக ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியவர்களில் இவரும் ஒருவர். தன் கம்பெனி வரைந்தது முதல் தடவையிலேயே சரியாக வரவில்லை என்று உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு மனசு வேண்டும். எங்கள் ஆபீசில் அப்படி ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவரிடம் எனக்குப் பிடித்தது, பைலட்டுகள் கையில் உணர்வதை எடுத்துக்கொண்டு அது ஏன் அப்படி என்று கேட்பதுதான். ஹெலிகாப்டரால் ஏன் விமானம் மாதிரி வேகமாகப் போக முடியவில்லை? இதைப் படித்துவிட்டு நானே பேப்பரில் கணக்குப் போட்டேன். பிளேடின் நுனி நொடிக்குச் சுமார் 210 மீட்டரில் சுற்றுகிறது, ஹெலிகாப்டர் 50 மீட்டரில் முன்னே போகிறது என்று வைத்துக்கொண்டால், முன்னோக்கி வரும் பிளேடின் நுனிக்குக் காற்று 260-இல் கிடைக்கும், பின்னோக்கிப் போவதற்கு 160 மட்டும். தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக ஒரே கோணத்தில் வைத்தால் அந்த நுனியில் ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். பின்னால் போகும் பிளேடின் கோணத்தைக் கூட்டித்தான் சமன் செய்ய வேண்டும், கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்று அதன் மேல் ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான், வேகம் அங்கே முட்டி நிற்கிறது. எங்கள் இம்பெல்லருக்கு இந்தத் தலைவலி இல்லை, கூட்டுக்குள் ஒரே இடத்தில் சுற்றுகிற பிழைப்பு!

குறையும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பத்தி என்று எழுதியதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது, முன்பு சொன்னதே திரும்பவும் வருகிறது. படங்கள் சின்னவை. மேலே போகும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்பது இவருக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

அது வேண்டுமென்றால் ராபர்ட் மேசனின் 'சிக்கன்ஹாக்' (1983). வியட்நாம் போரில் 1965-66-இல் ஹ்யூயி ஹெலிகாப்டர் ஓட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை சண்டைக் களத்துக்குப் போய் வந்தவர். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கப் பழகும் பக்கங்களைப் படிக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கால் தானாக பெடலைத் தேடியது. இன்ஜினியர் நாலு பக்கத்தில் விளக்கும் விஷயத்தை இவர் உள்ளங்கை வியர்வையில் சொல்லிவிடுகிறார். ஆனால் காரணம் கேட்டு இவரிடம் போகாதீர்கள், போருக்குப் போனவர் எழுதியது, போரைத்தான் எழுதியிருக்கிறார்.

காசு செலவழிக்க மனசில்லாதவர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஹெலிகாப்டர் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. படங்கள் அருமை, தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் கமிட்டி உட்கார்ந்து எழுதிய சர்க்கார் நடை, பத்துப் பக்கத்தில் கொட்டாவி வரும். பயிற்சி எடுப்பவர்களுக்கு அதுதான் முதலில்.

மெக்கானிக்கல் படித்தவர்கள் பிரௌட்டியை வாங்கலாம், மற்றவர்கள் மேசனில் ஆரம்பித்துவிட்டு வரலாம். என் பிரதி ஆன்லைனில் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் வாங்கியது. "நல்ல நிலையில்" என்று போட்டிருந்தார், வந்த புத்தகத்தில் இன்ஜின் நின்றால் எப்படி இறங்குவது என்கிற பகுதிக்கு நடுவில் எட்டுப் பக்கம் இல்லை. கேட்டதற்குப் பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார். அதனால் பழைய பிரதி வாங்கினால் பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்துவிடுங்கள்.