ராயல் என்ஃபீல்டு 350 யூசிஇ: பெரிய கேம் போட்டு ஓராண்டு ஓட்டியதில் கிடைத்ததும் போனதும்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போகும்போது, யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள வகை) எஞ்சினின் கம்பெனி கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் முட்டைவடிவத் துண்டு) மூன்றாம் கியரிலேயே இழுத்துவிடும். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம் அதே ஏற்றத்தில் திணறும், இரண்டாம் கியருக்கு இறங்கியே ஆக வேண்டும். ஆரல்வாய்மொழி தாண்டி நாலுவழிச் சாலையில் கதை தலைகீழ். 80-க்கு மேல் பழைய கேம் மூச்சுமுட்டும் இடத்தில் புதியது தாராளமாக இழுக்கிறது.

காரணம் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவது. குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்றில்) மேலேறும் பிஸ்டன் கலவையில் கொஞ்சத்தைக் கார்புரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். ஆர்பிஎம் கூடினால் கலவைக்கு வேகம் வந்து, பிஸ்டன் எதிர்த்தாலும் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். கம்பெனி கணக்கு 4000 ஆர்பிஎம்மில் டார்க் (திருகுவிசை) 28 நியூட்டன் மீட்டர், 5250-ல் 19.8 குதிரைத்திறன். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். அப்படிப் பார்த்தால் 5250-ல் டார்க் ஏறத்தாழ 27. அந்த 27 விழாமல் 5750 வரை நின்றால் கிட்டத்தட்ட 22 குதிரைத்திறன். இந்த 2 குதிரைக்குத்தான் 2000-3000 ஆர்பிஎம் இழுவையை விலையாகக் கொடுக்கிறோம். மார்த்தாண்டம் நெரிசலில் ஓடுவதெல்லாம் அந்த ஆர்பிஎம்மில்தான்.

மாட்டும்போது கேம் பற்சக்கரத்தின் டைமிங் புள்ளிகள் நேராக இருக்கின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு பல் தப்பினாலும் வால்வு பிஸ்டனில் முட்டலாம். இடைவெளி பார்க்க பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, களிமண்ணை பிளேடால் வெட்டி அளப்பார்கள். யூசிஇயில் இருப்பது ஹைட்ராலிக் டாப்பெட், அதாவது கேமுக்கும் வால்வுக்கும் நடுவே எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்யும் துண்டு. ஸ்பிரிங் அழுத்தத்தில் அது அமுங்கி, இல்லாத இடைவெளியைக் காட்டிவிடும். அளக்கும்வரை அமுங்காத டாப்பெட் போட்டே தீர வேண்டும். இன்டேக்கில் 1.5, எக்ஸாஸ்டில் 2 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

எக்ஸாஸ்ட் கேமில் இருக்கும் டீகம்ப்ரஸரை (ஸ்டார்ட் செய்யும்போது வால்வைச் சற்றுத் திறந்து அழுத்தத்தைக் குறைப்பது) மறக்காதீர்கள். அது இல்லாத கேம் போட்டால் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பின்னோக்கி உதைத்து ஸ்ப்ராக் கிளட்சை (செல்ஃப் மோட்டாரின் ஒருவழிக் கிளட்ச்) உடைக்கும். பழைய வால்வு ஸ்பிரிங்கோடு ஆர்பிஎம்மை ஏற்றினால் வால்வு மிதக்கும் (கேமைத் தொடராமல் விலகிவிடும்), டாப்பெட் எண்ணெயால் உப்பி வால்வை மூடவிடாது.

பெரிய கேமில் ஐட்லிங் துள்ளும், கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும். சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும், மைலேஜும் இறங்கும். புகைச் சோதனைக்கு முன் பைலட் ஸ்க்ரூவை (ஐட்லிங்கில் கலவையின் அளவை மாற்றும் கார்புரேட்டர் திருகு) சரிசெய்யாமல் போகாதீர்கள்.

ரப்பர் ஷீட் ஏற்றும் வண்டிக்கு இந்த வேலை வேண்டவே வேண்டாம். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) 18 பல் என்றால் 17 போடுங்கள். சக்கரத்தில் இழுவை 6 சதவீதம் கூடும், எஞ்சினைத் திறக்கவும் வேண்டாம். கேமை மாற்றியே தீருவேன் என்பவர்கள் பழையதை எண்ணெய் தடவிப் பொதிந்து வையுங்கள். எந்த டாப்பெட் எந்தக் கேமில் ஓடியது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் தேயும்.