வெற்றி என்று சொல்லி வெறுங்கையை நீட்டிய பொலிபில்

கிளிநொச்சியில் கணினி வகுப்பு நடத்தும் நண்பன் போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: "மச்சான், எங்களுக்கும் பழைய பயர்பொக்ஸ் உள்ள கணினிகள் கொஞ்சம் வந்திருக்கின்றன. நீ பாவித்த அந்தப் பொலிபிலை நானும் போடலாமா?" "போடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொலிபில் என்பது, பழைய உலாவியில் இல்லாத ஒரு வசதியை ஈடுசெய்யத் தளத்தில் சேர்க்கும் சின்ன நிரல்கோப்பு. நான் பாவித்தது, பக்கத்தின் பகுதிகளை வேண்டியபோது மட்டும் இறக்கும் வசதிக்கானது. இரவு படுத்த பிறகு மனம் அரித்தது. ஐந்து வருடத்துக்கு மேல் அதனோடு மாரடித்தவன், ஒற்றைச் சொல்லோடு அவனை அனுப்பியிருக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்துவரும் தளம், கொக்குவிலில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தின் உயர்தர மாணவருக்கானது. இணைந்த கணிதத்துக்கு வரைபுகள், பௌதிகவியலுக்கு மின்சுற்றுகள், பிறகு கடந்தகால வினாத்தாள்கள். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த லினக்ஸ் கணினிகளில் பயர்பொக்ஸ் 60 இருந்தது. ஒவ்வொரு மாலையும் அணைத்தவுடன் பழைய நிலைக்கே திரும்பும்படி அவற்றைப் பூட்டியிருந்தார்கள். பூட்டியவர் கனடா போய்விட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. ஆகவே உலாவியைப் புதுப்பிக்க வழியில்லை.

2018 மே மாதம் வெளியான அந்தப் பதிப்புக்கு மொடியூல்கள், அதாவது துண்டு துண்டாகப் பிரித்த நிரல்கோப்புகள், தெரியும். ஆனால் வேண்டிய நேரத்தில் வேண்டிய மொடியூலை மட்டும் இழுத்துவரும் இம்போர்ட் என்ற கட்டளை தெரியாது. அது பயர்பொக்ஸில் 2019 மே மாதம், 67ஆம் பதிப்பில்தான் வந்தது. குரோமில் 61க்கும் 63க்கும் நடுவே இதே இடைவெளி இருந்தது. பழைய எட்ஜிலோ 16 முதல் 18 வரை நீண்டது. இந்தப் பொலிபில் அந்த இடைவெளிக்கு மட்டுமே உரியது. மொடியூலே தெரியாத உலாவிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பின்வரிசையில் விண்டோஸ் எக்ஸ்பியும் பயர்பொக்ஸ் 52உம் கொண்ட இரண்டு கணினிகள் இருந்தன. அவற்றுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய தனிக் கோப்பைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

வேலை செய்யும் விதம் அழகானது, அதை மறுக்கமாட்டேன். இம்போர்ட் என்பது மொழியின் இலக்கணத்தில் உள்ள சொல். சாதாரண ஃபங்ஷன் போல அதை நாமே எழுதி அந்தப் பெயரில் வைத்துவிட முடியாது. பழைய உலாவி அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறியைக் கண்டதும் இலக்கணப் பிழை என்று முழுக் கோப்பையும் தூக்கி எறிந்துவிடும். அதனால் கோப்புகளைக் கட்டும்போதே, கட்டும் கருவியான ரோலப் அந்தச் சொல்லை, முன்னும் பின்னும் அடிக்கோடுகள் போட்ட வேறொரு பெயராக மாற்றிவிடும். அந்தப் பெயரில் அழைத்தால் பொலிபில் இரண்டு வரியில் ஒரு சின்ன மொடியூலை அங்கேயே எழுதுகிறது. முதல் வரி, நாம் கேட்ட கோப்பை, பழைய உலாவிக்கும் தெரிந்த, அடைப்புக்குறி இல்லாத சாதாரண முறையில் இம்போர்ட் செய்கிறது. இரண்டாவது வரி, கிடைத்ததைப் பொதுவான ஓரிடத்தில் வைக்கிறது. அந்த இரண்டு வரிக்கும் ஒரு தற்காலிக முகவரி கொடுத்து, நிரலை ஓட்டச் சொல்லும் ஸ்கிரிப்ட் குறியாகப் பக்கத்தில் செருகிவிட்டால் மற்றதை உலாவியே பார்த்துக்கொள்ளும். எந்த நிரல் ஓடலாம் என்று தளம் உலாவிக்குச் சொல்லும் பாதுகாப்புக் கொள்கையில் அந்தத் தற்காலிக முகவரிகளை அனுமதிக்கவும், கோப்புகள் இருக்கும் பாதையை முதலிலேயே சொல்லிவைக்கவும் மறக்கக் கூடாது. இவை ஒருநாள் வேலை.

பலன் முதல் நாளே தெரிந்தது. ஒற்றை ரவுட்டரில் ஒரு வகுப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்க, முன்பெல்லாம் முதல் பக்கம் திறக்கவே பிள்ளைகள் காத்திருப்பார்கள். இப்போது வினா உடனே வந்தது. வரைபை வரையும் பாரமான பகுதி, வரைபைத் தொட்ட பிள்ளைக்கு மட்டும் வந்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது இதன் அருமை இன்னும் தெரிந்தது. மின்சாரம் வந்ததும் கணினிகள் எழுந்துவிடும், ரவுட்டர் எழும்பத் தாமதிக்கும். கோப்பு கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று பொலிபில் ஒளிக்காமல் சொல்லும். நான் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் எண்ணும் சேர்த்து மறுபடி கேட்பேன். உலாவி அதைப் புதிய முகவரியாக எடுத்துத் திரும்பப் போய்க் கொண்டுவரும். அந்த மாதங்களில் இந்தச் சிறிய கோப்பு என் வகுப்பைக் காப்பாற்றியது.

கோப்பு வராததைச் சரியாகச் சொல்லும் இந்தப் பொலிபில், வந்த கோப்பு ஓடும்போது விழுந்தால் மட்டும் வாய் திறக்காது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

ஒருநாள் மூன்றாவது வரிசையில் இருந்த பிள்ளை கையை உயர்த்தி, "சேர், எனக்கு வரைபு வரவில்லை" என்றாள். மற்ற எல்லாருக்கும் வந்திருந்தது. அவளுடைய திரையில் அச்சுகள் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. கோப்பு முழுதாக வந்துசேர்ந்திருந்தது. பொலிபிலும் வெற்றி என்றே பதில் சொல்லியிருந்தது. ஆனால் அடுத்த வரியில், கையில் கிடைத்த மொடியூல் வரையறுக்கப்படவில்லை என்ற பிழை. கிடைத்துவிட்டது, ஆனால் ஒன்றும் இல்லை. இது எப்படிச் சாத்தியம் என்று நான் தேடியது இரண்டு மாலைகள்.

காரணம் இதுதான். வரைபு மொடியூல் தன் முதல் வரியிலேயே, மாணவர் கடைசியாக வைத்த அளவை உலாவியின் உள்ளூர்ச் சேமிப்பிலிருந்து படிக்கும். அந்த ஒரு கணினியில் யாரோ குக்கிகளைத் தடுத்துவைத்திருந்தார்கள். தடுத்தால் அந்தச் சேமிப்பைத் தொட்டவுடனேயே பாதுகாப்புப் பிழை எழும், மொடியூல் அங்கேயே விழுந்துவிடும். மெய்யான இம்போர்ட் என்றால் பிரொமிஸ், அதாவது பிறகு வரும் பதிலுக்காக அது தரும் உறுதிச்சீட்டு, அந்தப் பிழையையே கையில் கொடுத்துத் தோற்றிருக்கும். பொலிபில் நம்பியிருப்பதோ ஸ்கிரிப்ட் குறியின் இரண்டு சமிக்ஞைகளை மட்டும்: ஏறிவிட்டது, ஏறவில்லை. கோப்பு வந்து, ஓடி, நடுவில் இடறி விழுந்தாலும் உலாவியின் கணக்கில் அது ஏறிய ஸ்கிரிப்ட்தான். உடனே பொலிபில் வெற்றி என்று அறிவித்து, பொதுவிடத்தில் பார்க்கும். அங்கே எதுவும் வைக்கப்பட்டிருக்காது. அந்த வெறுமையைத்தான் நம் கையில் திணிக்கும். உண்மையான பிழை வேறொரு மூலையில், யாருடைய அழைப்போடும் சேராமல், தனியாகப் பதிவாகிக் கிடக்கும்.

எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கிரிப்ட் குறி அதற்கு மேல் எதையும் சொல்லாது. ஆனால் வந்த பொருள் வெறுமையா என்று பார்க்க ஒரேயொரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் தோல்வி நேர்ந்தால் ஓட நான் எழுதிவைத்த வழிகள் எதுவும் வேலை செய்யவில்லை. "மறுபடி முயலவும்" என்ற பொத்தான் வரவில்லை, பிள்ளைக்கு ஒரு செய்தியும் வரவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்து, தான்தான் எதையோ பிழையாக அழுத்திவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறகு நானே அதைச் சுற்றி ஓர் உறை எழுதினேன். வெறுமை வந்தால் தோல்வியாக மாற்றும், அந்த நேரத்தில் சாளரத்தில் எழுந்த பிழையைப் பிடித்துச் சேர்த்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு ஒரு குழப்பமும் இல்லை. கடந்த மாதம் புதிய கணினிகள் வந்ததும் பொலிபிலையும் உறையையும் சேர்த்து நீக்கினேன்.

ஆக, நண்பனுக்கு என் பதில்: நல்ல பொருள், சின்னது, வேகமானது, மின்வெட்டிலும் நின்று பிடித்தது. ஆனால் நானாக இருந்தால் மறுபடி தொடமாட்டேன், மொடியூல்களை ஏற்றும் இன்னொரு கருவியான சிஸ்டம்ஜேஎஸ் பக்கம் போவேன். அது எக்ஸ்பி கணினிகளையும் சேர்த்துத் தாங்கியிருக்கும். நீ இதைத்தான் போடுவாய் என்றால் அந்த உறையை இன்றிரவே அனுப்புகிறேன், அது இல்லாமல் போடாதே. அதற்கு முன் ஒன்று செய். அந்தக் கணினிகளைக் கொடுத்தவர்களை அழைத்து, பூட்டின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேள். அது கிடைத்தால் உலாவியைப் புதுப்பித்துவிடு, இந்தப் பேச்சே உனக்குத் தேவைப்படாது.