தோட்டக் கணக்குக்கு பீசீ: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

லினக்ஸில் கட்டளைவரியில் ஓடும் பீசீ (bc) கணிப்பானை செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு), கொழுந்து நிறை, காணி அளவு போன்ற கணக்குகளுக்கு நெடுநாள் பாவித்தால் அதன் குணம் பிடிபடும். பெருக்கலில் பெரும்பாலும் நல்ல பிள்ளை. வகுத்தலில்தான் கண் வைக்க வேண்டும்.

22.5 பேருக்கு (ஒரு நாள் வேலை ஒரு பேர், அரை நாள் அரைப் பேர்), பேருக்கு 1350 ரூபா வீதம் போட்டால் 30375.0 வரும். அதை .08 ஆல் பெருக்கினால் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 2430. தோட்டத்தின் 12 சதவீதம் 3645. நம்பிக்கை நிதி 3 சதவீதம் 911.25. எல்லாம் சரி. ஏழு பேர்ச் காணியை 272.25 ஆல் பெருக்கினாலும் 1905.75 சதுர அடி என்று சுத்தமாக வரும். இதனால்தான் ஆபத்து: இத்தனையும் சரியாக வந்த பிறகு வகுத்தலை யார் சந்தேகிப்பார்கள்?

ஸ்கேல் (scale) என்ற மாறிதான் வகுத்தலில் எத்தனை தசம இடம் வேண்டும் என்று தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் அது 0. அதனால் 7/2 என்றால் 3. ஸ்கேல்=2 என்று மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. 1863 கிலோ பச்சைக் கொழுந்தில் 402 கிலோ தேயிலை கிடைத்தது என்று வையுங்கள். 402/1863*100 என்று அடித்தால் 21.00 வரும். முதல் வகுத்தலே .21 என்று வெட்டுப்பட்டுவிடுகிறது. 402*100/1863 என்று அடித்தால் 21.57. உண்மையில் 21.578, ஆகவே 21.58 என்று எழுத வேண்டும். பீசீ முழுமையாக்காது, மிச்ச இலக்கங்களை வெட்டி எறியும். ஆகவே முதலில் பெருக்கு, கடைசியில் வகு.

இன்னும் எளிது, பீசீயை எப்போதும் -எல் சேர்த்து (bc -l) தொடங்குவது: ஸ்கேல் 20 ஆகிவிடும். விடையை ரூபா சதத்துக்குக் கொண்டுவர .005 கூட்டி, ஸ்கேலை 2 ஆக்கி, 1 ஆல் வகுக்க வேண்டும். அந்த 1 ஆல் வகுப்பதை விட்டால் எதுவும் வெட்டுப்படாது, ஏனென்றால் கூட்டலை ஸ்கேல் தொடுவதில்லை. கழிவு வந்து எண் மறையாகிவிட்டால் .005 ஐக் கழிக்க வேண்டும். இதை ஒரு சார்பாக எழுதி கோப்பில் போட்டு, பீசீயைத் தொடங்கும்போது அந்தக் கோப்பின் பெயரையும் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் அடிக்கத் தேவையில்லை.

-எல் கொண்டுவரும் வில்லங்கம் மீதி காண்பதில். 402 கிலோவை 50 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் 2 கிலோ மிஞ்சும். 402%50 க்கு பீசீ 0 என்கிறது! 8.04 வரை வகுத்துவிட்டதால் மீதி இல்லை என்பது அதன் நியாயம். மீதி வேண்டுமென்றால் முதலில் ஸ்கேல்=0.

விரிதாளிலிருந்து ஒட்டும்போது 30,375 என்று காற்புள்ளியோடு வந்தால் தொடரியல் பிழை. அரையை 0.5 என்று இல்லாமல் .5 என்று காட்டும். அச்சுக்குக் கொடுக்கும்போது புள்ளி கண்ணில் படாமல் போகலாம், பூச்சியத்தைக் கையால் சேருங்கள். பின்ன அடுக்குக்கு ^ உதவாது. வர்க்கமூலத்துக்கெனத் தனிச் சார்பு உண்டு.

மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் போய் வந்துகொண்டிருக்கும் இடங்களுக்கு இது தோதானது: ஒருமுறை நிறுவினால் இணையம் வேண்டாம், ஆண்ட்ரொயிட் போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைவரிச் செயலியிலும் ஓடும். ஏக்கர், பேர்ச், சதுர மீற்றர் என்று அலகு மாற்றுவதே அன்றாட வேலையென்றால் மட்டும், அலகு மாற்றத் தெரிந்த குவால்க் (qalc) என்ற கணிப்பான் மேல்.