கிளாரினெட் டியூனிங் ரிங்: பேரலை அடிக்கடி இழுப்பவர்களுக்கு மட்டும்

பி ஃபிளாட் கிளாரினெட்டில் சுருதி ஏறினால் பேரலை, அதாவது ஊதுமுனைக்கும் மேல் ஜாயிண்டுக்கும் (குழலின் மேல்பாதிக்கும்) நடுவே வரும் குட்டிக் குழாயை, கொஞ்சம் வெளியே இழுப்பதுதான் வழக்கம். சுருதி இறங்கிவிடும், சரி. ஆனால் மேல் ஜாயிண்டின் முனைக்கும் பேரலின் உள்விளிம்புக்கும் நடுவே, குழலின் உள்துளையைவிட அகலமாக ஒரு பள்ளம் விழுகிறது. அதை அடைக்க வந்ததுதான் டியூனிங் ரிங். 0.5 முதல் 2 மி.மீ. வரை வெவ்வேறு கனத்தில் செட்டாக வரும்.

பள்ளத்தால் என்ன கெடுதல்? 1 மி.மீ. இழுத்தால், விரலே வைக்காத ஜி ஏறக்குறைய 7 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) இறங்கும். முழுக்குழலும் ஒலிக்கும் கீழ் ஈ சுமார் 3 சென்ட்தான் இறங்கும். இது நீளக் கணக்கு, ரிங்கால் மாறாது. பள்ளம் அதற்கு மேலும் ஜி, ஏ, பி ஃபிளாட் மூன்றையும் கீழே தள்ளி, தொனியை மங்கவைக்கிறது. ஊதும் ஈரமும் அங்கேயே தேங்கி மரத்தின் வெட்டுமுனையில் ஊறும். இந்த இரண்டையும் ரிங் நன்றாகவே குறைக்கிறது.

போடும் விதம்: பத்து நிமிடம் ஊதிக் குழலைச் சூடாக்குங்கள். குளிர்ந்த குழலில் அளந்தால் எல்லாமே தப்பு. நடுத்தரச் சத்தத்தில் விரல் வைக்காத ஜி ஊதி, டியூனரில் எஃப் சரியாக நிற்கும்வரை பேரலை இழுங்கள் (இந்தக் கிளாரினெட்டில் ஊதும் சுரம் ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும், அதனால் ஜி டியூனரில் எஃப்). இடைவெளியை ஸ்கேலால் அளந்து, அதே கனமுள்ள ரிங்கைப் போட்டு பேரலை முட்டும்வரை அழுத்துங்கள். பிறகு இரண்டு கை விரல்களும் வைத்து ஊதும் நடு சி. டியூனரில் அது பி ஃபிளாட். இன்னும் ஏறியிருந்தால் மேல், கீழ்ப் பாதிகள் சேரும் நடு ஜாயிண்டை அரை மி.மீ. இழுங்கள், பேரலைத் தொடவேண்டாம்.

வாங்கும்போது கனத்தைவிட உள்விட்டம்தான் முக்கியம். பேரலுக்குள் ரிங்கைப் போட்டு வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள்: ஒரே வட்டம் தெரியவேண்டும். ரிங்கின் ஓட்டை சிறியதாக இருந்தால் துளைக்குள் படிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பள்ளமே தேவலை. வெளிவிட்டம் குறைந்தால் ரிங் ஒருபக்கம் சரியும். ரப்பர் ரிங் அழுத்தினால் நசுங்கும், போட்ட கனம் நிற்காது. உலோகமோ கெட்டி பிளாஸ்டிக்கோ எடுங்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. ரிங் உள்ளே இருக்கும்வரை பேரலை அதற்குமேல் உள்ளே தள்ள முடியாது. அரங்கம் குளிர்ந்து சுருதி இறங்கினால், கழற்றி ரிங்கை எடுத்துத்தான் ஆகவேண்டும். அதனால் அளந்ததைவிட அரை மி.மீ. மெல்லிய ரிங்கைப் போட்டு, மிச்சத்தை இழுத்துச் சரிசெய்வது புத்திசாலித்தனம். உதட்டைத் தளர்த்திச் சுருதியை இறக்குவது சுலபம். கடித்து ஏற்றினால் தொனி நெரிபடும். உரக்க ஊதும்போது இறங்குவதும் மெல்ல ஊதும்போது ஏறுவதும் இந்த வாத்தியத்தின் குணம். அதற்கு எந்த ரிங்கும் மருந்தல்ல, மூச்சும் நாக்கின் உயரமும்தான்.

யாருக்கு வேண்டும்? 1 மி.மீ.க்குக் கீழே இழுப்பவர்களுக்குத் தேவையே இல்லை. எப்போதும் 2 மி.மீ. இழுப்பவர்கள் 65 மி.மீ. பேரலுக்குப் பதில் 67 மி.மீ. பேரல் வாங்கட்டும். இடைப்பட்டவர்களுக்கு இது நல்ல செலவு. வாசித்து முடித்துத் துணியால் துளையைத் துடைக்கும்முன் ரிங்கை எடுத்துவிடுங்கள். துணியோடு வந்து விழும் 0.5 மி.மீ. ரிங் திரும்பக் கிடைப்பது அரிது.